காந்தக்கையாரும் பன்னிரண்டாவது மீட்டரும்

கல் அறுக்கும் பட்டறைக்கு எதிரே உள்ள கொட்டகையில் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றுவிடும். மனிதர்கள் நின்றார்கள் என்பதைவிட இரும்புகள் நின்றன என்பதே சரி. இடுப்பில் குக்கரை ஏந்தியபடி ஓர் அம்மாள். சைக்கிள் ஹேண்டில்பாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தபால்காரர். லாரி அச்சு ஒன்றை நாலு பேர் தூக்கி வந்து, நோயாளியைப் படுக்க வைப்பதுபோல நடைபாதையில் கிடத்தியிருந்தார்கள். முழங்காலில் கம்பி வைத்துத் தைத்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தன்னை ஆள் என்று சேர்ப்பதா, உலோகம் என்று சேர்ப்பதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டும்தான் என்று சொல்லி அவருக்கு இரண்டு டோக்கன் கொடுத்தார்கள்.

எல்லோரும் வந்தது காந்தக்கையாரைப் பார்க்க. பதினேழு வயதில் அவர்மேல் இடி விழுந்ததாம். ஆள் பிழைத்துக்கொண்டார், வலது கை மட்டும் காந்தமாகிவிட்டது. இந்தக் கதையை அவரே சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே கையால் அவர் தேநீரில் சர்க்கரை கலக்குவதையும், கலக்கி முடித்ததும் கரண்டி சமர்த்தாகத் தட்டில் இறங்கிக்கொள்வதையும் ஊரே பார்த்தது. பார்த்தது கண்தான், மூளைக்கு அன்று விடுமுறை.

வைத்தியம் இப்படி நடக்கும். இரும்புக்கு இரண்டு விரல் உயரத்தில் காந்தக்கையார் தன் கையை நகர்த்துவார். ஓர் இடத்தில் கை நடுங்கும். “இங்க வலிக்குது,” என்பார். இரும்புக்கு. உள்ளே விரிசல் என்று அர்த்தம். பிறகு ஒரு துணியைப் போட்டு மூடி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார். மறுபடி கையைக் காட்டுவார். நடுக்கம் இருக்காது. விரிசல் மூடிக்கொண்டுவிட்டது. நோயைக் கண்டதும் அந்தக் கைதான், தீர்த்ததும் அந்தக் கைதான், தீர்ந்துவிட்டது என்று சாட்சி சொன்னதும் அதே கைதான். இப்படி ஒரு வழக்கு நீதிமன்றத்தில் நடந்தால் நீதிபதிக்கு வேலையே இருக்காது.

குக்கர் அலுமினியமாயிற்றே, அதில் காந்தம் ஒட்டாதே என்று யாரும் கேட்கவில்லை. அருளுக்கு அலுமினியம் ஏது, இரும்பு ஏது.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தேய்த்த இரும்பை நூறு நாளைக்கு வெட்டவோ பிரிக்கவோ கூடாது. வெட்டினால் காயம் மறுபடி திறந்துகொள்ளுமாம். நூறு நாளைக்குள் அது தானாகவே உடைந்தால்? வீட்டில் யாரோ நம்பாமல் இருந்திருக்கிறார்கள். காணிக்கையோடு மறுபடி வரவேண்டியதுதான்.

இந்தக் கூட்டத்தைத் தினமும் இருபது மீட்டர் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பட்டறையின் கிரேன்காரர். அவருக்கு ‘மேகம்’ என்று பட்டப்பெயர். உயரத்தில் இருப்பார், இருண்டு இருப்பார், பொழிவது எப்போதாவதுதான். காலையில் இரும்பு ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். முப்பது வருடம் அப்படித் தனியாக உட்கார்ந்ததில், பேச்சு என்பது கீழே இருப்பவர்களுடைய பழக்கம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அந்த மௌனத்துக்குள் இப்போது ஒரு பயம் குடியிருந்தது. கல் பலகைகளுக்குச் சங்கிலி மாட்டும் வேலையை இரண்டு வருடமாக அவருடைய மாப்பிள்ளை பார்த்துவந்தார். மேலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை ஒரு மஞ்சள் தொப்பி; அதைச் சுற்றி ஒரு சின்ன நிழல். நாலு டன் கல் அந்தத் தொப்பிக்கு மேலே ஊர்ந்து போகும். அதைத் தூக்கிப் பிடித்திருப்பது கட்டைவிரல் தடிமனுள்ள ஓர் இரும்புக் கயிறு. ஒரு மாதத்துக்கு முன்பு அந்தக் கயிறு முனகத் தொடங்கியது. பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பூசிய வெள்ளைக் கோடுகளில் மூன்றாவது கோடு கப்பியில் ஏறும்போது ஒரு ‘கிர்ர்க்’. அன்றிலிருந்து கிரேன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் இவர் அவள் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார்.

முதலாளிக்கும் அந்த முனகல் எட்டியது. கயிறு மாற்றினால் பட்டறை ஒரு வாரம் நிற்கும். எதிர்க் கொட்டகையில் காந்தக்கையார் இருக்கிறார். அரை மணி நேரம் போதும். அழைத்துவந்தார். காந்தக்கையார் கயிற்றைக் கீழே இறக்கச் சொல்லிக் கையை நகர்த்திக்கொண்டே போனார். மூன்றாவது வெள்ளைக் கோட்டின்மேல் கை துடித்தது, மீன் மாட்டிய தூண்டில்போல.

“முப்பதாவது மீட்டர்,” என்றார் கண்ணை மூடியபடி. “ரொம்ப நாளா அழுதுக்கிட்டு இருக்கு. கேக்கத்தான் ஆளில்ல.”

கிரேன்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் காது மட்டுமே அறிந்த இடம் அது. காந்தக்கையார் தேய்த்தார், முதலாளி காணிக்கை கொடுத்தார், அன்று கிரேன்காரர் வயிறாரச் சாப்பிட்டார். ‘கிர்ர்க்’ மறுநாளும் கேட்டது. அது காயம் ஆறும் சத்தம் என்று கொட்டகையில் விளக்கம் கிடைத்தது.

இந்த நிலைமையில்தான் மச்சினி வந்து சேர்ந்தாள்.

கிரேன்காரர் மனைவியின் தங்கை அவள். சுரங்கம், துறைமுகம், பாலம் என்று ஊர் ஊராகப் போய் இரும்புக் கயிறுகளைச் சோதிப்பது அவள் தொழில். வருடாந்தரச் சோதனைக்குப் பட்டறை கொடுத்திருந்த நாள் அது. முதலாளி அதை மறந்தேபோயிருந்தார். அவளிடம் ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு டப்பா இருந்தது. இரண்டாகப் பிளந்து, கயிற்றை நடுவில் விட்டு, மறுபடி பூட்டிவிடலாம். கயிறு அதற்குள் புகுந்து ஓடும். பக்கத்துத் திரையில் ஒரு கோடு ஓடும். கூண்டிலிருந்து கிரேன்காரர் கயிற்றை மெல்ல மெல்ல ஓட்டிக் கொடுத்தார். மேலே அசையாமல் கிடக்கும் பகுதிக்கு அவளே டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போய்க் கையால் நகர்த்திப் பார்த்தாள்.

மூன்றாவது வெள்ளைக் கோடு வந்தபோது திரையில் ஒன்றுமே இல்லை. குளத்துத் தண்ணீர்போலக் கோடு படுத்தே கிடந்தது. பன்னிரண்டாவது மீட்டரில்தான் முள் முள்ளாக எழுந்தது.

இறங்கிவந்து அவள் சொன்னதை முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உள்பக்கக் கம்பிகள் அறுந்திருக்கின்றன, இந்தக் கயிற்றில் இனிச் சுமை ஏற்றக் கூடாது என்றாள். காந்தக்கையார் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்றார் முதலாளி. அவர் பார்த்தது முப்பதாவது மீட்டர், நான் சொல்வது பன்னிரண்டு என்றாள். உங்கள் டப்பா தப்பாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். கயிற்றை இறக்கிப் பிரித்துப் பாருங்கள் என்றாள். நூறு நாளைக்குப் பிரிக்கக் கூடாது என்றார். முடிவில், மூன்று நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். அந்த மூன்று நாளும் கல் தூக்குவதை மட்டும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் மேலதிகாரிகளுக்கு எழுதிப் போடத்தான் போகிறேன், ஆனால் பதில் வர மூன்று வாரம் ஆகும் என்று மச்சினி கிரேன்காரரிடம் சொன்னாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அக்காள் வீட்டில் உட்கார்ந்தபோது கிரேன்காரர் வழக்கம்போலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தண்ணீர் ஊற்றினார்.

“அத்தான்,” என்றாள் மச்சினி. “என் அக்காவுக்கு நீங்க தாலி கட்டினப்ப எனக்குப் பத்து வயசு. அன்னையிலேருந்து உங்க வாயிலேருந்து வந்த வார்த்தைய எல்லாம் ஒரு நோட்டுல எழுதினா, பாதி நோட்டு மிச்சமிருக்கும். இன்னைக்காவது ஒரு பக்கத்த நிரப்புங்க. நீங்க அந்த ஆள நம்புறீங்களா?”

கிரேன்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அக்காள் இரண்டாம் முறை பரிமாறிவிட்டுப் போனாள். பிறகுதான் பேசினார்.

“நீயும் வெட்டாமலே உள்ள பாக்குற. அவரும் வெட்டாமலே உள்ள பாக்குறாரு. உன் டப்பா எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. அவர் கையும் தெரியாது. நான் எத வெச்சு உன்ன நம்பறது? என் மச்சினின்னா?”

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மாமனார் இத்தனை வாக்கியம் சேர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை.

மச்சினி சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். தெருக்கோடியில் கொட்டகை வரிசை தெரிந்தது. அந்த வரிசையைப் பாருங்கள் என்றாள். நடைபாதையோடு ஒழுங்காக வந்த வரிசை ஓர் இடத்தில் தெருப்பக்கம் பிதுங்கி, வளைந்து, மறுபடி ஒழுங்காகப் போனது. அங்கே கிடத்தியிருந்த லாரி அச்சைத்தான் கூட்டம் சுற்றிப் போகிறது என்று மாப்பிள்ளை சொன்னார்.

“அச்சு இங்கேருந்து கண்ணுக்குத் தெரியுதா, மாப்ள? தெரியல. ஆனா கூட்டம் பிதுங்குறதப் பார்த்தே அங்க என்னமோ கெடக்குதுன்னு சொல்லிடலாம். என் டப்பாவுல ரெண்டு பெரிய காந்தம் இருக்கு. கயித்துக்குள்ள காந்தத்த ஓட விடுது. கம்பி முழுசா இருந்தா அது உள்ளயே போயிடும். கம்பி அறுந்த எடத்துல வழியில்லாம வெளிய பிதுங்கும். அந்தப் பிதுக்கத்தப் பிடிக்க உள்ள சின்னச் சின்னதா சென்சாருங்க இருக்கு. அவ்வளவுதான், மந்திரம் ஒண்ணும் இல்ல. இதையும் நீங்க நம்ப வேணாம், அத்தான். நான் சொன்ன எடத்த வெட்டிப் பாருங்கன்னு நான் சொல்றேன். வெட்டிப் பாக்காதேன்னு அவர் சொல்றாரு. எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் அது ஒண்ணுதான்.”

கிரேன்காரர் கை கழுவப் போனார். அவள் பின்னாலிருந்து இன்னொன்றும் கேட்டாள்: “முப்பதாவது மீட்டர்னு அவருக்கு யார் சொன்னா?”

மறுநாள் காலையிலிருந்து கூண்டுக்குள் அந்தக் கேள்வி அவரோடு உட்கார்ந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம். முதலாளிக்கு முனகல் தெரியும்; இடம் தெரியாது. கீழே மஞ்சள் தொப்பி இங்குமங்கும் நகர்ந்தது. கல்லை அதற்கு மேலாகக் கொண்டுபோகாமல், தூரச் சுற்றி, இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு நகர்த்தினார். கொட்டகை வாசலில் காந்தக்கையாரின் மைத்துனன் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். டோக்கன் மச்சான் என்று ஊர் முழுக்க அவனுக்குப் பெயர். தங்கமான ஆள். ஒவ்வொருவரிடமும் நின்று, தோளில் கை வைத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு இரும்பில் ஒரு சிவப்பு நூலால் டோக்கனைக் கட்டினான்.

கிரேன்காரர் கை லிவர்மேலேயே நின்றுவிட்டது.

காந்தக்கையார் பட்டறைக்கு வருவதற்கு முந்தின நாள். தேநீர்க் கடை. அதே கை அவர் தோளில். கிரேன் வேலை கஷ்டமாண்ணே, மேல தனியா இருக்கும்போது மனசுல என்னண்ணே ஓடும் என்று கேட்ட அதே குரல். முப்பது வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பேசாத மனிதனைத் திறக்கப் பெரிய சாவி எதுவும் வேண்டாம். ஒருவர் பரிவாக ஒரு கேள்வி கேட்டால் போதும். அவர் கொட்டிவிட்டார். மூன்றாவது வெள்ளைக் கோடு. ‘கிர்ர்க்’. மறுநாள் கயிற்றின் மூன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு நூலில் ஒரு டோக்கன் தொங்கியதும் இப்போது நினைவுக்கு வந்தது.

கயிறு அழுவதைக் காந்தக்கையார் கேட்கவில்லை. இவர் அழுததைத்தான் கேட்டிருந்தார். அதையே திருப்பி இவருக்குச் சொல்லி, இவர் கண்ணில் தண்ணீரும் வரவழைத்துவிட்டார்.

நடு வேலையில் கிரேனை நிறுத்திவிட்டு மேகம் கீழே இறங்கியது. பட்டறையே அண்ணாந்து பார்த்தது.

முதலாளியின் அறைக்குப் போய், இந்தக் கயிற்றில் இனிக் கல் தூக்க மாட்டேன் என்றார். முதலாளி முதலில் கோபப்பட்டார், பிறகு கெஞ்சினார். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் கையும் டப்பாவும் ஒரு தடவை ஒன்றாகப் பரீட்சை எழுதட்டும் என்றார் கிரேன்காரர். காந்தக்கையார் ஜெயித்தால் நூறு நாளென்ன, ஆயிரம் நாள் ஓட்டுவதாகச் சொன்னார். காந்தக்கையார் எப்படியும் ஜெயிப்பார் என்று முதலாளிக்குத் தோன்றியதால் சம்மதித்தார்.

ஏற்பாடு எளிதானது. மீந்துகிடந்த புதுக் கயிற்றிலிருந்து ஒரே அளவில் ஐந்து துண்டுகள். மாப்பிள்ளையும் மாமனாரும் பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாம் துண்டின் நடுவே முறுக்கைப் பிரித்து, உள்ளே சில கம்பிகளை நறுக்கி, மறுபடி முறுக்கிக் கிரீஸ் பூசினார்கள். வெளியே பார்த்தால் ஐந்தும் ஒட்டிப் பிறந்த அண்ணன் தம்பிகள். விடையை எழுதி, உறையில் ஒட்டி, கணக்கு வாத்தியாரிடம் கொடுத்தார்கள். மச்சினியை அந்தப் பக்கமே விடவில்லை.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் மேசை போட்டுத் துண்டுகளை அடுக்கினார்கள். வரிசை கலைந்து வட்டமாகிவிட்டது. ஓசியில் அற்புதம் பார்க்கக் கிடைத்தால் யார்தான் வரிசையில் நிற்பார்கள். டோக்கன் மச்சான் நேராகக் கிரேன்காரரிடம் வந்தான். தோளில் கை வைத்தான்.

“என்னண்ணே, முகமே வாடிக் கெடக்கு. எதுல கைய வெச்சீங்க? நம்மகிட்டச் சொல்றதுக்கென்ன.”

கிரேன்காரர் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் மிகக் குறைவு, பேசியதே குறைவு. கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கம்கூட உண்மைபோலவே இருந்தது. “நாலாவது,” என்று முணுமுணுத்தார். “இடது ஓரம் பக்கமா.”

டோக்கன் மச்சான் ஐந்து துண்டுக்கும் நூல் கட்டினான். நாலு நூல்கள் நடுவில். ஒன்று மட்டும் இடது ஓரத்தில்.

முதலில் மச்சினி. துண்டுகளைப் பொருத்தி டப்பாவை ஓட்டுவதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னாள். கயிறு முடிகிற இடத்தில் காந்தம் எப்படியும் வெளியே பிதுங்கத்தான் செய்யும். அதனால் இரண்டு முனையிலும் ஒரு ஜாண் அளவுக்கு என்ன இருந்தாலும் இந்த டப்பாவுக்குத் தெரியாது. கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. அருளுக்கு ஒரு ஜாண் கணக்கு உண்டா என்று லாரி அச்சுக்காரர் கேட்டார். அவள் ஐந்தையும் ஓட்டிப் பார்த்து, விடையை எழுதி வாத்தியாரிடம் கொடுத்தாள்.

பிறகு காந்தக்கையார். துண்டுகளை ஒரு முறை நோட்டம் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். முதல் துண்டு, அமைதி. இரண்டாம் துண்டு, அமைதி. “இது குழந்தை மாதிரி, நூறு வருஷம் இருக்கும்,” என்று ஆசியும் வழங்கினார். மூன்று, அமைதி. நான்காம் துண்டின் இடது ஓரத்தில் கை ஆடிய ஆட்டத்தில் மேசையே ஆடியது. வட்டம் முழுக்கப் பெருமூச்சு. ஐந்தில் அமைதி. பிறகு அவர் துணியை எடுத்து நான்காம் துண்டின்மேல் போடப் போனார்.

கிரேன்காரர் தன் கையை அதன்மேல் வைத்தார்.

“மூட வேணாங்க. இப்படியே வெட்டிப் பாக்கலாம்.”

“வலியோட விடறது பாவம், தம்பி.”

“மூடிட்டு வெட்டினா, நான் தேச்சுக் குணமாக்கிட்டேன், அதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுவீங்க. அஞ்சு நிமிஷம் வலிக்கட்டும். இரும்புதானே, தாங்கும்.”

அந்த வாக்கியத்தின் நீளத்தைப் பார்த்து முதலாளியே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மாப்பிள்ளை நான்காம் துண்டை வெட்டி, முறுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் பரப்பினார். கம்பிகள் எல்லாம் கடையிலிருந்து வந்த அன்றைய பளபளப்போடு முழுசாகச் சிரித்தன. அடுத்து இரண்டாம் துண்டு, நூறு வருட ஆயுள் வாங்கிய குழந்தை. பிரித்த மாத்திரத்தில் உள்ளிருந்து நறுக்கிய கம்பிகள் ஏழெட்டு மேசைமேல் உதிர்ந்தன.

வாத்தியார் உறையைப் பிரித்தார். உறையில் இருந்தது: இரண்டாம் துண்டு, நடுவில். மச்சினியின் தாளில் இருந்தது: இரண்டாம் துண்டு, நடுவில். உறையில் இன்னொரு வரியும் இருந்தது. மாப்பிள்ளை குறும்பாக ஐந்தாம் துண்டின் முனையில் ஒரே ஒரு கம்பியையும் நறுக்கி வைத்திருந்தார். அது மச்சினியின் தாளில் இல்லை.

லாரி அச்சுக்காரருக்கு உயிர் வந்தது. டப்பாவும்தான் தோற்றுவிட்டதே என்றார். வாத்தியார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த டப்பாவுக்கு எது தெரியாது என்று அந்தப் பெண் முன்கூட்டியே சொன்னாள், சொன்ன இடத்தில்தான் அதற்குத் தெரியவில்லை. தனக்கு எது தெரியாது என்று கை ஒரு நாளாவது சொல்லியிருக்கிறதா என்று கேட்டார். நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், நான்காம் துண்டின் ஓரத்தில் தொங்கிய சிவப்பு நூலையும் சுட்டிக்காட்டினார். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் இரும்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். குக்கர் அம்மாளின் நூல் கைப்பிடியில் கட்டியிருந்தது. கைப்பிடிதான் ஆடுகிறது என்று அரை மணி நேரத்துக்கு முன்பு அவர்தான் டோக்கன் மச்சானிடம் சொல்லியிருந்தார். வாத்தியார் தன் முழங்காலை மட்டும் பார்க்கவில்லை. நூல் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியும்.

காந்தக்கையார் காற்றில் ஈரம் அதிகம் என்றார். கூட்டத்தில் நம்பாதவர்களின் மூச்சு கலந்துவிட்டது என்றார். டோக்கன் மச்சான் அதற்குள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தான். கிளம்பும்போது காந்தக்கையார் மச்சினியிடம் ஒதுங்கி வந்து, அந்த டப்பா எங்கே கிடைக்கும் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். தொழில் பக்தி என்றால் அதுதான்.

அன்று மதியமே கிரேனின் கயிற்றை இறக்கினார்கள். முதலாளியே பக்கத்தில் நின்றார். பன்னிரண்டாவது மீட்டர், மேலே ஒரு சின்னக் கப்பியில் அசையாமலே உட்கார்ந்திருக்கும் இடம். அசையாததால் முனகாது, முனகாததால் கிரேன்காரருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாததால் காந்தக்கையாருக்கும் தெரியவில்லை. வெளியே கிரீஸ் மினுமினுத்தது. முறுக்கைப் பிரித்ததும் துருத்தூள் கொட்டியது. உள்ளே பாதிக் கம்பிகளுக்கு மேல் அறுந்து, முள்ளுச் செடிபோல நின்றன.  மூன்றாவது கோட்டு முனகலுக்குக் காரணம் காய்ந்துபோன கப்பி. இரண்டு கை கிரீஸில் அடங்கிவிட்டது.

மாப்பிள்ளை அறுந்த கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு மாமனாரை நிமிர்ந்து பார்த்தார். கிரேன்காரர் அவர் தலையிலிருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றி, தூசியைத் தட்டி, மறுபடி அவர் தலையிலேயே வைத்தார்.  

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்காள் வீட்டு வாசலில் யாரோ இருமும் சத்தம் கேட்டு மச்சினி கதவைத் திறந்தாள். வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை. குக்கர், ஹேண்டில்பார், லாரி அச்சு. முன்னால் நின்ற அச்சுக்காரர் கண்ணை மூடி, கதவோரம் இருந்த அவள் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்கண்ட டப்பா என்றார். பின்னால் நின்றவர்கள் தாங்களும் தொடவேண்டும் என்று நெருக்கினார்கள்.

அவள் டப்பாவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வரிசையைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“இதக் கும்பிட வேணாங்க. இது எங்க தப்பு பண்ணுதுன்னு கண்டுபிடிக்க வாங்க, உக்காரவெச்சு டீ தர்றேன். கும்பிடுறதுக்காக வந்தவங்க அந்தக் கொட்டகைக்கே போகலாம்; அது காலியாத்தான் இருக்கு, நீங்க மனசு வெச்சா நாளைக்கே ஒரு ஆள் வந்துடுவாரு.”